டிரேம் இல்லாத எஸ்என்770: எந்த மெஷினுக்குப் போதும், எதற்குப் போதாது

மதுரை டவுன் ஹால் ரோடு பக்கம் எஸ்எஸ்டி (கம்ப்யூட்டரில் கோப்புகளைச் சேமிக்கும் டிரைவ்) கேட்டால் "ஐந்நூறா, ஒரு டிபியா?" என்ற கேள்விதான் முதலில் வரும். உள்ளே டிரேம் (வேகமான தற்காலிக நினைவகச் சிப்) உண்டா என்ற பேச்சே பெரும்பாலும் எழாது. ஆனால் விலையில் கணிசமான வித்தியாசம் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

2022-இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் (டபிள்யூடி) கொண்டுவந்த டபிள்யூடி பிளாக் எஸ்என்770 டிரேம் சிப் இல்லாத ரகம். 1 டிபி மாடலுக்குக் கம்பெனி சொல்லும் வேகம் விநாடிக்குப் படிக்க 5,150 எம்பி, எழுத 4,900 எம்பி. வாரண்டி ஐந்து வருடம் அல்லது 600 டிபி எழுதி முடியும் வரை, எது முந்துகிறதோ அது. சிப்புகள் போர்டின் ஒரே பக்கத்தில் இருப்பதால் மெல்லிய லேப்டாப்பிலும் உட்காரும்.

ஒவ்வொரு எஸ்எஸ்டிக்குள்ளும் ஒரு பேரேடு உண்டு. எந்தத் தகவல் நாண்ட் சிப்பின் (தகவலை நிரந்தரமாக வைத்திருக்கும் சிப்) எந்த இடத்தில் கிடக்கிறது என்ற கணக்கு அதில் இருக்கும். 4 கேபிக்கு ஒரு பதிவு, ஒரு பதிவுக்கு சுமார் 4 பைட் என்று வைத்தால் 1 டிபிக்கு 1 ஜிபி பேரேடு. விலை கூடிய டிரைவ்கள் அதை முழுசாகத் தங்கள் சொந்த டிரேமில் வைத்துக்கொள்ளும். எஸ்என்770 அந்தச் சிப்பை விட்டுவிட்டு, கம்ப்யூட்டரின் ரேமிலிருந்து கொஞ்சம் இடத்தைக் கடன் வாங்கிக்கொள்கிறது. இதற்குப் பெயர் ஹோஸ்ட் மெமரி பஃபர். வேகமான எஸ்எஸ்டிகள் கம்ப்யூட்டரோடு பேசும் முறையான என்விஎம்இ-யின் 1.2 விதிமுறையில் 2014-இல் சேர்ந்தது. விண்டோஸ் 10-லும் லினக்ஸிலும் 2017 வாக்கில் வழக்கத்துக்கு வந்தது.

கடன் வாங்குவது வழக்கமாக 64 எம்பி. மேலே சொன்ன கணக்குப்படி அது 64 ஜிபி தகவலுக்கான பேரேடு. கேட்ட கோப்பு அந்த வட்டத்துக்குள் இருந்தால் வேலை சட்டென முடியும். வெளியே இருந்தால் நாண்டை இரண்டு முறை தொட வேண்டும்: பேரேட்டுக்கு ஒரு முறை, தகவலுக்கு ஒரு முறை. பெரிய கோப்பை வரிசையாகப் படிக்கும்போது இது உறைக்காது, ஏனென்றால் 4 கேபி பேரேட்டுப் பக்கம் ஒன்றில் 1,024 பதிவுகள், அதாவது 4 எம்பி தகவலின் முகவரி ஒரே எடுப்பில் வந்துவிடும். டாலி, டிடிபி, ஆல்பம் டிசைன் எல்லாம் ஒரு நேரத்தில் 64 ஜிபிக்கு மேல் அலைவது அபூர்வம். இவற்றுக்கு எஸ்என்770 தாராளமாகப் போதும். நூற்றுக்கணக்கான ஜிபி டேட்டாபேஸ், ஒரே நேரத்தில் பல வர்ச்சுவல் மெஷின் (ஒரு கம்ப்யூட்டருக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர்) என்றால் போதாது. அங்கே டிரேம் உள்ள எஸ்என்850எக்ஸ் போன்றதுதான் சரி. இரண்டுக்கும் விலை நெருங்கியிருந்தால் யோசிக்காமல் டிரேம் உள்ளதையே எடுங்கள்.

முகூர்த்த சீசனில் ஸ்டுடியோக்களில் கேட்கும் புகார் வேறு: கல்யாண வீடியோவை மொத்தமாகக் கொட்டும்போது பாதியில் வேகம் விழுகிறது என்பார்கள். பழி டிரேம் இல்லாததன் மேல் விழும், காரணம் அது இல்லை. இந்த டிரைவில் இருப்பது டிஎல்சி நாண்ட், ஒரு செல்லில் மூன்று பிட் வைப்பது. அதன் ஒரு பகுதியை எஸ்எல்சி போல, செல்லுக்கு ஒரு பிட் மட்டும் வைத்து, முதலில் வேகமாக எழுதுகிறார்கள். அந்தப் பகுதி நிரம்பியதும் நாண்டின் உண்மையான வேகம் வெளியே வரும். டிரைவ் நிரம்ப நிரம்ப அந்தப் பகுதியும் சுருங்கும். கால்வாசி இடம் காலியாக விட்டால் நிலைமை நன்றாக இருக்கும்.

வாங்குமுன் ஸ்லாட்டைப் பாருங்கள். பழைய லேப்டாப் சிலவற்றில் எம்.2 ஸ்லாட் (இந்த டிரைவ் செருகும் இடம்) என்விஎம்இ-யை ஏற்காது, பழைய சாட்டா முறை மட்டும்தான். டிரைவ் அதில் உட்கார்ந்தாலும் பயாஸில் தெரியாது. யூஎஸ்பி கேஸில் போட்டுப் பென்டிரைவ் போல வைத்துக்கொள்ளவும் இதை வாங்காதீர்கள். நடுவில் இருக்கும் பிரிட்ஜ் சிப்பைத் தாண்டி ரேம் கடன் கிடைக்காது, டிரைவ் பேரேட்டுக்காக நாண்டையே நம்பி ஓடும்.

2 டிபி வாங்குபவர்களுக்கு ஒன்று. 2024 அக்டோபரில் விண்டோஸ் 11 24எச்2 வந்தபோது எஸ்என்770, எஸ்என்580 இரண்டிலும் 2 டிபி மாடல்களில் நீலத்திரை விழுந்தது. டிரைவ் ரேமில் 200 எம்பி கடன் கேட்டது. முன்பு 64 எம்பியோடு நிறுத்திய விண்டோஸ், கேட்டதை முழுசாகக் கொடுக்கத் தொடங்கியது. டிரைவின் ஃபர்ம்வேர் (அதற்குள்ளேயே ஓடும் மென்பொருள்) அதில் தடுமாறியது. கம்பெனியின் டேஷ்போர்டு மென்பொருளில் ஃபர்ம்வேரைப் புதுப்பித்த பிறகே 24எச்2-க்குப் போங்கள்.

கரண்ட் போனால் ரேமில் இருந்த பேரேடும் போய்விடுமே என்று பயப்பட வேண்டாம். அங்கே இருப்பது நகல்தான். மூலம் நாண்டில் இருக்கிறது. எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் அறுவது டிரேம் உள்ள சாதாரண டிரைவிலும் நடக்கும். வீட்டு இன்வெர்ட்டரில் கம்ப்யூட்டர் ஓடுகிறது என்றால் அதிலுள்ள சுவிட்சை யூபிஎஸ் மோடில் வையுங்கள். மற்ற மோடில் மின்சாரம் மாறும் அந்த ஒரு கணத்திலேயே மெஷின் ரீஸ்டார்ட் ஆகிவிடலாம்.

சித்திரை வெயிலில் ஏசி இல்லாத அறையென்றால், மதர்போர்டோடு வரும் எம்.2 ஹீட்சிங்க்கை (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) மறக்காமல் மாட்டுங்கள். அதற்காக டிரைவின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளை உரிக்காதீர்கள், வாரண்டி போய்விடும். ஹீட்சிங்க்கின் தெர்மல் பேடில் இருக்கும் பிளாஸ்டிக் தாளை மட்டும் உரித்தால் போதும்.