சோயாமீற் 90 கிராம் பக்கற்: புரதம் இருக்கிறது, பங்கு பிரிப்பதில்தான் பிழை

கொழும்பில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ எந்தப் பலசரக்குக் கடையிலும் பல சுவைகளில் சோயாமீற் பக்கற்றுகள் அடுக்கியிருக்கும். சுவை மாறினாலும் அடிப்படைச் சரக்கு ஒன்றுதான்: எண்ணெய் நீக்கிய சோயா மாவைச் சூட்டிலும் அமுக்கத்திலும் தள்ளி, பஞ்சுபோலப் பொரிய வைத்தது.

கலப்பில்லாத சோயாமீற்றில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 50 கிராம் புரதம். அப்படியானால் 90 கிராம் பக்கற் ஒன்றில் 45 கிராம். ஏழு முட்டைக்குச் சமம். தரமும் நல்லது. சோற்றின் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, சோயா அதை ஈடுகட்டும். மரக்கறி மட்டும் சாப்பிடும் வீட்டுக்கு இந்த விலையில் இது பெரிய உதவி.

ஆனால் ஒரு பக்கற்றைக் குழம்பாக்கி ஐந்து பேருக்குப் பரிமாறினால் ஆளுக்கு 9 கிராம்தான் வரும். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 கிராம் வேண்டும் (கிலோவுக்கு 0.83 கிராம்). மூன்று பேருக்கு ஒரு பக்கற் என்று வையுங்கள். ஆளுக்கு 15 கிராம் கிடைக்கும். ஐந்து பேர் என்றால் பக்கத்தில் கெட்டியான பருப்பும் கட்டாயம் இருக்கட்டும்.

வாங்கும்போது பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். புரதம் 100 கிராமுக்கு 40க்குக் கீழே என்றால், சேர்மானத்தில் கோதுமை மாவோ சோள மாவோ இருக்கிறதா என்று தேடுங்கள். அடுத்தது சோடியம்: அந்த எண்ணை 2.5ஆல் பெருக்கினால் உப்பின் அளவு. நாள் முழுவதற்கும் 5 கிராம் உப்புக்குள் நிற்க வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் அறிவுரை. உள்ளே சுவைத்தூள் பை இருந்தால் பாதிக்கு மேல் போடவேண்டாம். அந்தத் தூளைப் போட்டால் சட்டிக்கு வேறு உப்பு வேண்டாம். எங்கள் தெரிவு சுவையூட்டாத வெறும் சோயாதான்.

சமையலில் கெடுவது பெரும்பாலும் பிழியாததால். கொதித்த நீரில் 10 நிமிடம் ஊறவிட்டு, உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பிழியுங்கள். மஞ்சளாக, நுரையோடு ஒரு தண்ணீர் வரும். பச்சை அவரை மணம் அதில்தான். குளிர்ந்த நீரில் அலசி இன்னும் இருமுறை பிழிந்தால் தண்ணீர் தெளியும். பிழியாமல் போட்டால் துண்டுக்குள் தண்ணீர் நிரம்பியிருக்கும், தூள் உள்ளே இறங்காது, குழம்பும் நீர்த்துவிடும். அரை மணித்தியாலம் ஊறவிட்டாலோ கடிக்கும்போது சொதசொதவென்றிருக்கும்.

பிழிந்ததை இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் ஓரம் சிவக்க வதக்கி எடுத்து வையுங்கள். அதே தாச்சியில் வெங்காயம், உள்ளி, ரம்பை, கறிவேப்பிலை, பிறகு வறுத்த கறித்தூள் ஒன்றரை மேசைக்கரண்டி. வதக்கிய சோயாவையும் சேர்த்து ஒரு கப் தேங்காய்த் தண்ணிப்பாலில் 8 நிமிடம் கொதித்ததும் கால் கப் முதற்பால், ஒரு கொதி, அடுப்பை அணைத்துவிடலாம். கொழுப்பு சோயாமீற்றில் மிகக் குறைவு; கறியில் ஏறுவது எண்ணெயாலும் தேங்காய்ப்பாலாலும்தான், அதனால் எண்ணெயையும் முதற்பாலையும் அளந்தே விடுங்கள்.

தேசிக்காயை இறக்கிய பிறகு பிழியுங்கள். சோயாவில் இரும்புச்சத்து நிறைய இருந்தும் அதிலுள்ள பைற்றிக் அமிலம் அந்த இரும்பை முழுதாக உடலில் சேரவிடாது. தேசிப்புளியின் விற்றமின் சி அந்தத் தடையைத் தளர்த்தும், கொதிக்கவிட்டால் அந்த விற்றமின் குறையும். சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ குடிப்பதும் இரும்புக்குத் தடைதான், ஒரு மணித்தியாலம் தள்ளி வையுங்கள். விற்றமின் பி12 சோயாவில் இல்லை. மரக்கறிக்காரர் அதைப் பாலிலும் தயிரிலும் தேடவேண்டும்.