லாங் பஜார் பக்கம் குழந்தைங்க துணிக்கடை, நம்பி போலாம்

கடை சின்னதுதான், படி குறுகல், ஏசி பேருக்கு ஓடுது, ஆனாலும் 4 ஸ்டார் குடுக்கறேன். எங்க பாப்பாவ தத்து எடுத்து வீட்டுக்கு கூட்டியாந்து கொஞ்ச நாள்தான் ஆவுது, 4 வயசு. அன்னிக்கு காலைலேர்ந்தே அலைச்சல், தத்து ஆர்டர் காப்பி ஜெராக்ஸ், பர்த் சர்டிபிகேட்டுக்கு எழுதி குடுக்கறதுன்னு (2022 செப்டம்பர்லேர்ந்து கோர்ட்டுக்கு போவ வேணாம், கலெக்டரே ஆர்டர் குடுக்கறாரு, அது ஒரு நிம்மதி), சாயங்காலம் சொந்தக்காரங்க வேற வராங்க, நடுவுல ஓடிப்போய் துணி எடுக்கணும்.

பாப்பா ஹோம்ல போட்டிருந்த பழைய கவுன கழட்டவே மாட்டேன்னு அழுவுது. மொதல்ல போன பெரிய கடையில "சீக்கிரம் போட்டு பாருங்க மேடம்"னு அவசரப்படுத்தி இன்னும் அழ வெச்சிட்டாங்க. இங்க இருக்கற அக்கா கழட்டவே சொல்லல, மேலயே வெச்சி அளவு பாத்துட்டு, மூணு கவுன தரையில விரிச்சி "உனக்கு எது வேணும்டா கண்ணு"ன்னு கேட்டு விட்டுட்டாங்க, யாரு ஜாடைன்னு ஒரு வார்த்தை கேக்கல. பாப்பா பெரிய பாக்கெட் வெச்ச மஞ்சள் கவுன எடுத்து, கையில இருந்த பாதி பிஸ்கட்ட உள்ள திணிச்சிக்கினு "நைட்டுக்கு"ன்னுச்சி. அக்கா சிரிச்சிக்கினே அத அப்படியே பில் போட்டாங்க.

காட்டன் நல்லா இருக்கு, ரெண்டு வாஷ் ஆச்சி, சாயம் போவல. எலாஸ்டிக்தான் கொஞ்சம் டைட். பில் இல்லாம மாத்தி தர மாட்டாங்க. கார் எடுத்துனு போவாதீங்க, நிறுத்த எடமே இல்ல.