"ஆர்டர் வாங்கியாச்சு, வந்து வெட்டுங்க"ன்னு போன் வந்தா: மலையில மரவேலை செய்யறவங்க கவனத்துக்கு

நான் கோத்தகிரியில 19 வருஷமா மரவேலை கான்ட்ராக்ட் எடுத்துச் செய்யறேன். வீட்டு மேல சாஞ்ச மரம், கரன்ட் கம்பியில உரசுற கிளை, தேயிலைக்கு நடுவுல நிக்கற நிழல் மரத்துக் கவாத்து (கிளை கழிக்கறது), மழையில ரோட்டுல விழுந்ததை அறுத்து ஒதுக்கறது, இதுதான் பொழப்பு. கூட நிரந்தரமா ஆறு பேர். போன புரட்டாசியில ஒரு போலி அனுமதிக் காகிதத்தை நம்பி நான் ஏமாந்ததை வெக்கப்பட்டுக்கிட்டு வெளியில சொல்லாமலே இருந்தேன். போன வாரம் குன்னூர் பக்கம் இதே தொழில் பண்ற ஒருத்தர்கிட்ட பேசினப்ப, அவர்கிட்டயும் அதே ஆள், அதே பேச்சு, அதே காகிதம். இதுக்கு மேல வாயை மூடிக்கிட்டு இருந்தா அது தப்பு.

ஒரு சாயங்காலம் போன் வந்துச்சு. "மேஸ்திரிங்களா? அரவேணு தாண்டி ஒரு பங்களா இருக்குங்க, நான் அதுக்கு மேனேஜர். ஓனரம்மா வெளியூர்ல இருக்காங்க. மரமெல்லாம் வீட்டு மேல சாஞ்சு கிடக்கு. ஐப்பசி மழை புடிக்கறதுக்குள்ள எடுத்துடணும்." பேச்சுல ஒரு மரியாதை இருந்துச்சு. நம்ம ஊர்க்காரங்க ரெண்டு பேர் பேரைச் சொல்லி, அவங்கதான் நம்பர் குடுத்தாங்கன்னும் சொன்னான். அந்த ரெண்டு பேர்கிட்டயும் நான் கேக்கவே இல்ல.

மறுநாள் போய்ப் பாத்தேன். சரிவுல வரிசையா 14 சில்வர் ஓக், வீட்டுக்குப் பின்னாடி ரெண்டு கற்பூர மரம் (யூகலிப்டஸ்). எல்லாம் நல்லா வயசான மரம், ரெண்டு ஆள் சேர்ந்து கட்டிப்பிடிக்கற பருமன். நடந்து நடந்து ஒவ்வொண்ணா பாத்தேன். கற்பூர மரம் ரெண்டும் ஆபத்துதான், அதுல ஒண்ணுக்கு அடியில மண்ணே விட்டுப்போயிருந்துச்சு. சில்வர் ஓக்குல மூணு மரத்துக்குக் கொண்டை காஞ்சு நின்னுச்சு. மிச்சம் 11 மரமும் கல்லு மாதிரி இருந்துச்சு. மேல கனத்தைக் குறைச்சு விட்டா இன்னும் பல வருஷம் நிக்கும். "இதையெல்லாம் எதுக்குங்க வெட்டணும்? கவாத்து பண்ணினா போதுமே"ன்னு கேட்டேன். "எல்லாத்தையும் வெட்டறதுக்குச் சேத்தே அனுமதி ஆர்டர் வாங்கியாச்சுங்க. 2009-ல நடந்தது தெரியும்ல, ஓனரம்மா ரொம்ப பயப்படறாங்க"ன்னான்.

2009-ன்னு சொன்னா இங்க யாருக்கும் வயிறு கலங்கும். அந்த நவம்பர் மழையில நீலகிரி முழுக்க மண்ணு சரிஞ்சு 40 பேருக்கு மேல செத்துப் போனாங்க. அப்ப நான் தொழிலுக்குப் புதுசு. ரோட்டுல கிடந்த மரத்தை ராத்திரி பகலா அறுத்துப் போட்டிருக்கேன். அந்த ஞாபகத்தைத் தொட்டுப் பேசினதால நான் எதிர்த்துக் கேக்கல. ஆனா மண்ணைப் புடிச்சுக்கிட்டிருக்கறதே வேர்தானே. சரிவுல நிக்கற நல்ல மரத்தை மொத்தமா வெட்டினா சரிவு கெட்டிப்படாது, நாலஞ்சு வருஷத்துல வேர் மக்கினதும் இன்னும் இளகும். இது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் பேசாம இருந்தேன். ஊட்டிப் பக்கம் ஆனி ஆடிக் காத்துல வேலை குவியும், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி கார்த்திகையிலதான் வேலை. நடுவுல ரெண்டு மாசம் கை காஞ்சு கிடக்கும். பொண்ணுக்குக் காலேஜ் பீஸ் கட்டற நேரம் வேற.

கூலி 1,05,000 சொன்னேன். அவன் அதுக்கு வேற கணக்கு போட்டான். "மரம் எப்படியும் 1,60,000-க்குப் போகும். மரத்தை நீங்களே எடுத்துக்குங்க, கூலியைக் கழிச்சுட்டு மிச்சம் 55,000 எங்களுக்குக் குடுங்க. இப்ப 40,000 போடுங்க, மிச்சத்தை லோடு ஏத்தினப்புறம் பாத்துக்கலாம்." கூலிக்கு பதிலா மரத்தை எடுக்கறது எங்க தொழில்ல வழக்கம்தான், அதனால சந்தேகம் வரல. மூணாம் நாள் "ஆபீஸ் செலவு"ன்னு இன்னொரு 15,000 கேட்டான். ரெண்டையும் ஜிபேல போட்டேன். அவன் குடுத்த நம்பர்ல வேற ஒரு பொம்பளைப் பேர் காட்டுச்சு. "அக்கவுன்ட்டன்ட்"ன்னு சொன்னான்.

வேலைக்கு ஆள் கூப்பிடறவன் நம்மகிட்ட காசு வாங்கறான்னா அந்த இடத்துலயே நின்னு யோசிக்கணும். கூலியை மரமா வாங்க ஒத்துக்கிட்டோம்னா நம்ம உழைப்பு பூரா ஒரு காகிதத்துல மாட்டிக்கும். அந்தக் காகிதம் சரியில்லன்னா லோடு மலை இறங்காது, குஞ்சப்பனை செக்போஸ்ட்லயே நிக்கும்.

இப்ப அந்தக் காகிதத்துக்கு வரேன். புதுசா தொழிலுக்கு வர்ற பசங்களுக்காகவும் சொல்றேன். 1955-லயே தமிழ்நாட்டுல மலைப்பகுதிக்குன்னு தனியா மரப் பாதுகாப்புச் சட்டம் வந்துடுச்சு. சொந்தப் பட்டா நிலத்துல நிக்கற மரமா இருந்தாலும் அதுக்குன்னு அரசாங்கம் போட்ட குழுவோட அனுமதி இல்லாம வெட்டக்கூடாது. "என் நிலம், என் மரம்"னு ஓனர் சொல்றதை நம்பி ரம்பத்தை வெச்சா, மாட்டறது ரம்பம் புடிச்சவனும்தான். கூடலூர் பக்கம் ஈட்டி மரம்னா அதுக்கு 1994-ல தனியா ஒரு சட்டம் போட்டாங்க. இதெல்லாம் எனக்கு மனப்பாடம். மூணு பசங்களுக்கு நானே சொல்லிக் குடுத்திருக்கேன்.

அவன் வாட்ஸ்அப்புல ஆர்டரோட போட்டோ அனுப்பினான். சீல் இருந்துச்சு, கையெழுத்து இருந்துச்சு, 16 மரம்னு இருந்துச்சு. புல எண் (சர்வே நம்பர்) இருந்த வரி மேல மட்டும் நிழல் விழுந்து மங்கலா கிடந்துச்சு. ஒரிஜினல் கேட்டேன். "ஓனரம்மாகிட்ட இருக்கு, ஞாயித்துக்கிழமை வருவாங்க"ன்னான். நான் திங்கக்கிழமையே வேலையை ஆரம்பிச்சுட்டேன்.

அந்த வேலையைப் பத்தியும் சொல்லணும், ஏன்னா அது சின்ன வேலை இல்ல. கீழ ஓட்டு வீடு, பக்கத்துல கரன்ட் கம்பி. மொத்தமா சாய்க்க இடமே கிடையாது. ஏறுறவர் மேல போய் முதல்ல கொண்டையைக் கயித்துல கட்டி இறக்கணும், அப்புறம் தண்டைத் துண்டு துண்டா அறுத்து இறக்கணும். கீழ ரெண்டு பேர் கயித்தை மரத்துத் தூர்ல சுத்திப் புடிச்சுக்கிட்டு, கொஞ்சம் கொஞ்சமா விடணும். சில்வர் ஓக் கிளை சத்தம் குடுக்காம முறியற சாதி. நல்லாத்தான் இருக்குன்னு கால் வெச்சா போச்சு. காலையில பத்து மணி வரைக்கும் மூட்டம், பட்டையெல்லாம் ஈரம். அந்த மரத்தூளும் இலையும் பட்டு பாதிப் பேருக்குக் கையெல்லாம் அரிப்பு எடுத்துத் தடிச்சுப் போச்சு. என் பசங்க அஞ்சு நாள்ல ஒரு ஓடு கூட உடையாம ஒம்பது மரத்தை இறக்கினாங்க. இவ்வளவு சுத்தமா செஞ்ச வேலை திருட்டு வேலையாப் போச்சேங்கறதுதான் எனக்கு இன்னும் ஆறல.

நடுவுல இன்னொரு அறிகுறியும் வந்துச்சு. லைனை நிறுத்தச் சொல்லி மின்வாரியத்துல பேசிட்டேன்னு அவன் சொல்லியிருந்தான். யாரும் வரல. உசுரு சம்பந்தப்பட்ட விஷயம், நானே போன் போட்டு ரெண்டு மணி நேரம் நிறுத்தி வாங்கினேன். அப்ப அந்த லைன்மேன் சொன்னார், "அந்த பங்களாவுல இருந்து யாரும் எழுதிக் குடுக்கலையேண்ணே." மறந்திருப்பாங்கன்னு நெனச்சுக்கிட்டேன்.

அஞ்சாம் நாள் மத்தியானம் வனக்காவலரும் வி.ஏ.ஓ.வும் வந்தாங்க. அக்கம்பக்கத்துல யாரோ தகவல் சொல்லியிருக்காங்க. அவங்க செஞ்சது சரிதான், இல்லன்னா மிச்சம் ஏழும் போயிருக்கும். போட்டோவைக் காட்டினேன். காவலர் பெருசு பண்ணிப் பாத்துட்டு, "இது வேற கிராமத்துப் புல எண், தேதியும் ரெண்டு வருஷம் பழசு, மர எண்ணிக்கையைத் திருத்தியிருக்கு"ன்னார். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஏம்ப்பா, இத்தனை வருஷம் வேலை செய்யறே, மரத்துல நம்பர் போட்டிருக்கான்னு பாக்க மாட்டியா?"

அனுமதி குடுத்த மரம்னா வனத்துறை ஆள் வந்து ஒவ்வொண்ணுலயும் நம்பர் போட்டிருப்பாங்க. அங்க ஒரு மரத்துல கூட நம்பர் இல்ல. நான் வாய் தொறக்கல. அங்கேயே அந்த ஆளுக்குப் போன் போட்டேன், ஸ்விட்ச் ஆஃப். இன்னிக்கு வரைக்கும் அதேதான்.

செயின் ஷா ரெண்டையும் எடுத்துக்கிட்டாங்க, வெட்டின மரத்தையும் முடக்கிட்டாங்க. ரேஞ்சர் ஆபீஸுக்கு நடையா நடந்து, அபராதம் கட்டி, மிஷின் கைக்கு வர மூணு வாரம் ஆச்சு. அதுக்குள்ள மழை சீசன் ஆரம்பிச்சு, வந்த வேலையெல்லாம் கை நழுவிப் போச்சு. பசங்களோட கூலி 38,000-ஐ வீட்டுக்காரியோட வளையலை அடகு வெச்சுக் குடுத்தேன். பசங்க வேண்டாம்னுதான் சொன்னாங்க. ஆனா அவங்க மரத்து மேல ஏறினது நான் சொல்லித்தானே.

போலீஸ்ல புகார் குடுத்து ரசீது வாங்கி வெச்சிருக்கேன். ஆன்லைன் பண மோசடிக்கு 1930-ன்னு ஒரு நம்பர் இருக்கு, அதுக்கும் பேசினேன். ஆனா நான் பேசினது காசு போட்டு ஒம்பது நாள் கழிச்சு. அதுக்குள்ள அந்தக் கணக்குல இருந்து எல்லாத்தையும் எடுத்துட்டான். உங்களுக்கு இப்படி நடந்தா யார்கிட்டயும் யோசனை கேட்டுக்கிட்டு உக்காந்திருக்காதீங்க, அன்னிக்கே அந்த நம்பருக்குப் பேசுங்க. பணம் கணக்கை விட்டு வெளிய போறதுக்குள்ள நிறுத்தி வெக்க வாய்ப்பு இருக்கு.

உண்மையான ஓனரம்மா கோயம்புத்தூர்ல இருந்து மறுநாள் வந்தாங்க. எழுபது வயசுக்கு மேல இருக்கும். அந்த ஆள் ஒரு மாச வாடகைக்கு அந்த பங்களாவை எடுத்திருக்கான், அவ்வளவுதான் அவனுக்கும் அந்த இடத்துக்கும் சம்பந்தம். கேட் சாவி அவன் கையில இருந்ததால நான் மேனேஜர்னு நம்பிட்டேன். என்னைத் திட்டுவாங்க, அடிச்சாலும் வாங்கிக்கலாம்னுதான் நின்னேன். அந்தம்மா ஒண்ணும் சொல்லல. அடிமரம் ஒவ்வொண்ணா கிட்டக்க போய் நின்னாங்க. ஒண்ணு மேல கையை வெச்சுக்கிட்டு, "இதெல்லாம் எங்க வீட்டுக்காரர் குழி எடுத்து வெச்சதுப்பா. நான்தான் தண்ணி எடுத்துக் குடுத்தேன்"னாங்க. 55,000 ரூபாயை விட, அபராதத்தை விட, அந்த வார்த்தைதான் எனக்கு ராத்திரி நெனப்புக்கு வருது. காசை சம்பாரிச்சுக்கலாம். அந்த மரத்தை நான் எங்க போய் வாங்கிட்டு வர்றது?

அந்தம்மாதான் "இவரையும் ஏமாத்தியிருக்காங்க"ன்னு எழுதியும் குடுத்தாங்க. இல்லன்னா என் கதை வேற மாதிரி போயிருக்கும். பின்னாடி நின்ன ரெண்டு கற்பூர மரத்துக்கு முறையா கோட்டாட்சியர் ஆபீஸுல மனு குடுக்கச் சொல்லி நானே கூடப் போனேன். வந்து பாத்தாங்க, நம்பர் போட்டாங்க, ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. அப்புறம் அந்த ரெண்டையும் கூலி வாங்காம இறக்கிக் குடுத்தேன். சில்வர் ஓக்குல மிச்சம் நின்ன அஞ்சு இன்னும் நிக்குது. அடிமரம் எதையும் தோண்டல, வேர் இருக்கற வரைக்கும் அது மண்ணைப் புடிக்கட்டும். இடையில நாத்து வெக்கறதா அந்தம்மா சொல்லியிருக்காங்க.

இப்ப நான் ஆர்டரோட ஒரிஜினலைக் கையில வாங்கிப் பாக்காம கயித்தைக் கூட வண்டியில ஏத்தறதில்ல. அதுல இருக்கற கிராமம், புல எண், மர வகை, எண்ணிக்கை, கெடு தேதி அஞ்சையும் படிக்கறேன். புல எண்ணை அரசாங்க இணையதளத்துல போட்டா பட்டா யார் பேர்ல இருக்குன்னு காட்டும், அந்தப் பேர்ல இருக்கறவர்கிட்டயே நேரா பேசறேன். ஆர்டர் குடுத்த ஆபீஸுக்கு ஒரு நடை போய்க் கேட்டுக்கறேன். கோவிச்சுக்கிட்டு வேலையை வேற ஆளுக்குக் குடுத்தவங்களும் உண்டு, போகட்டும். வாடகைக்கு பங்களா விடறவங்களும், மாசத்துக்கு ஒரு தடவையாவது யாராவது ஒருத்தரை அனுப்பித் தோட்டத்தைப் பாத்துக்குங்க. வீட்டுச் சாவி குடுத்தா மரத்தையும் சேத்து வித்துடற ஆளுங்க இருக்காங்க.

அவன் ஒவ்வொரு தடவையும் நம்பரை மாத்தறான், பேரை மாத்தறான். மாறாம இருக்கறது பேச்சுதான்: ஓனரம்மா வெளியூர், மழைக்குள்ள முடிக்கணும், மரத்தை நீங்களே எடுத்துக்குங்க. கோத்தகிரி, குன்னூர்னு ஆச்சு, அடுத்து ஊட்டியோ கொடைக்கானலோ போகலாம், அங்கயும் இதே சட்டம்தான், இதே மாதிரி பூட்டிக் கிடக்கற பங்களாக்கள்தான். அந்தப் போலி ஆர்டரோட நகல் என்கிட்ட இருக்கு. உங்களுக்கு வந்த காகிதத்தை எடுத்துக்கிட்டு வாங்க, பக்கத்துல வெச்சுப் பாத்துக்கலாம். எந்நேரமானாலும் வாங்க.