ரைசன் 5 2600, பி450, ஜிடிஎக்ஸ் 1060: பழைய பட்ஜெட் கேமிங் கணினியின் நீண்டகாலப் பயன்பாடு

2018, 2019 வாக்கில் கைக்கு அடக்கமான செலவில் கேமிங் கணினி கட்டிய பலரிடம் இன்றும் இருப்பது ஏறக்குறைய இதே அமைப்புதான்: ரைசன் 5 2600 பிராசஸர், பி450 மதர்போர்டு, ஒற்றை 8 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1060 அல்லது ஆர்எக்ஸ் 570 கிராபிக்ஸ் கார்டு, 1 டிபி ஹார்ட் டிஸ்க், கேபினெட்டோடு சேர்ந்து வந்த 450 வாட் எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி). நீண்ட பயன்பாட்டில் இதில் பிராசஸரும் மதர்போர்டும் அவ்வளவாகத் தளர்வதில்லை. தளர்வது எஸ்எம்பிஎஸ், ஹார்ட் டிஸ்க், சிப்பிலிருந்து ஹீட்சிங்குக்கு வெப்பத்தைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட், ஃபேன்களின் பேரிங் ஆகியவை. "கணினி பழசாகிவிட்டது" என்று சொல்லப்படும் குறைகளில் பெரும்பங்கு இந்த நான்கிலிருந்துதான் வருகிறது. அதைக் கண்டுபிடிக்காமல் புதுக் கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் பொருத்தினால், அதே குறை புதுக் கார்டோடும் தொடரும்.

ஆகவே முதலில் அளந்து பார்க்க வேண்டும். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரை ரிவாட்யூனரோடு நிறுவி, கேம் ஓடும்போதே திரையில் ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) பயன்பாடு, விராம் (கிராபிக்ஸ் கார்டின் சொந்த நினைவகம்) அளவு, ஒவ்வொரு கோரின் பயன்பாடு, ராம், வெப்பநிலை, ஃப்ரேம்டைம் (ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஆகும் நேரம்) வரைபடம் எல்லாம் தெரியும்படி வையுங்கள். அரை மணி நேரம் விளையாடினால் போதும். ஜிபியு 95 விழுக்காட்டுக்கு மேல் நிலையாக நின்றால் தடை கிராபிக்ஸ் கார்டில்தான். அது 60, 70இல் ஊசலாட, ஒன்றிரண்டு கோர்கள் மட்டும் உச்சத்தில் இருந்தால் பிராசஸர் பின்தங்குகிறது. பிராசஸரின் சராசரி 40 விழுக்காடு என்று காட்டுவதை நம்பி ஏமாற வேண்டாம்; 12 த்ரெட்டில் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசைகளில்) இரண்டு மூச்சுமுட்டினாலும் சராசரி குறைவாகவே தெரியும். சந்தேகம் தீராவிட்டால் ரெசல்யூஷனை 1080பியிலிருந்து 720பிக்கு இறக்குங்கள். எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம்) ஏறவே இல்லை என்றால் கிராபிக்ஸ் கார்டு மேல் பழி இல்லை.

சராசரி எஃப்பிஎஸ் நன்றாக இருந்தும் கேமராவைத் திருப்பும்போதெல்லாம் வெட்டினால் விராமைப் பாருங்கள். 4 ஜிபி ஆர்எக்ஸ் 570இல் இது அடிக்கடி நடக்கும். டெக்ஸ்சரை ஒரு படி இறக்கினால் நின்றுவிடும். வெட்டு ஒரு நொடிக்கும் மேல் நீண்டு, கேபினெட்டின் டிஸ்க் விளக்கும் அணையாமல் எரிந்தால், ராம் நிரம்பி, மிஞ்சியது பேஜ்ஃபைல் என்ற கோப்பில் ஹார்ட் டிஸ்கில் எழுதப்படுகிறது என்று பொருள்.

அடுத்தது, விளையாடும்போது பட்டென்று அணைவதும் ரீஸ்டார்ட் ஆவதும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்று பார்த்ததும் பலர் அதையே காரணம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். கணினி முறையாக அணைக்கப்படவில்லை என்பதற்கு மேல் அந்தப் பதிவு எதையும் சொல்வதில்லை. நீலத்திரை வராமல், கனமான காட்சியில் மட்டும் நேராக அணைந்தால் முதல் சந்தேகம் எஸ்எம்பிஎஸ் மீது. நீலத்திரை வந்து ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பிழைப்பெயர் காட்டினால் ராம் மீது. எப்போதும் ஒரே டிரைவர் கோப்பின் பெயர் வந்தால், சேஃப் மோடில் டிடியு (டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்) கொண்டு கிராபிக்ஸ் டிரைவரைத் துடைத்துவிட்டுப் புதிதாக நிறுவுங்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸைச் சோதிக்க, ஓசிசிடி என்ற மென்பொருளின் பவர் சோதனையை ஓட்டிக்கொண்டே, சென்சார் அளவுகளைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோவில் 12 வோல்ட் அளவைக் கவனிக்கலாம். ஏடிஎக்ஸ் விதிப்படி அது 11.4க்கும் 12.6க்கும் இடையே நிற்க வேண்டும். மதர்போர்டு சென்சார்கள் துல்லியமானவை அல்ல என்பதால், எண்ணைவிட சுமை ஏறும்போது அது எவ்வளவு சரிகிறது என்பதே முக்கியம். பிறகு எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டு ஸ்டிக்கரைப் படியுங்கள். மேலே 450 வாட் என்று பெரிதாக எழுதியிருந்தாலும் 12 வோல்ட் வரிசையில் 25 ஆம்பியர் என்று இருந்தால், பிராசஸருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் கிடைப்பது 300 வாட்தான். ரைசன் 2600 அதிகபட்சம் சுமார் 88 வாட், 1060 சுமார் 120 வாட் எடுக்கும். அதனால் புதிதில் இது தாக்குப்பிடித்தது. கெப்பாசிட்டர்கள் வறண்டபின் அந்த ஒதுக்கு கரைந்துவிடுகிறது. எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து பழுதுபார்க்க முனையாதீர்கள். மின்கம்பியைக் கழற்றிய பின்னும் உள்ளே உயிரைப் பறிக்கும் மின்னூட்டம் தங்கியிருக்கும்.

ராமுக்கு மெம்டெஸ்ட்86 போதும். பென்டிரைவிலிருந்து ஏற்றி நான்கு சுற்று முழுதாக ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான். வந்தால் எக்ஸ்எம்பியை (ராமை அதன் அறிவித்த முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு) அணைத்து மறுபடி ஓட்டுங்கள். அப்போது சுத்தமாக வந்தால் ஸ்டிக் கெட்டுப்போகவில்லை, அந்த வேகம் ஒத்துவரவில்லை என்று தெரியும். மணிக்காட்டி பின்னோக்கிப் போவதும், பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) அமைப்புகள் தானாக அழிவதும், அதனால் ராம் 2133க்கு இறங்கிக் கேம் மந்தமாவதும் மதர்போர்டிலுள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்ததன் அறிகுறி. மலிவான பேட்டரி, ஒரு நிமிட வேலை.

ஹார்ட் டிஸ்குக்கு கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ. பழுதான பகுதிகளைக் காட்டும் 05, சி5, சி6 என்ற வரிகளில் பூஜ்ஜியத்துக்கு மேல் எண் ஏறிக்கொண்டே போனால் அன்றே தரவை நகலெடுங்கள். சி7 மட்டும் ஏறினால் டிஸ்க் நன்றாகவே இருக்கிறது. டிஸ்கை போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றினால் போதும்.

வெப்பத்தில் அவசரம் கூடாது. தூசி ஊதும்போது ஃபேன் இறக்கைகளை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். விட்டால் காற்றழுத்தத்தில் அளவுக்கு மீறிச் சுழன்று பேரிங் கெடும். 2600இன் வெப்ப வரம்பு 95 டிகிரி. கேமில் 80ஐத் தாண்டினால் பேஸ்ட் மாற்ற வேண்டிய நேரம். இந்தப் பிராசஸர் உட்காரும் ஏஎம்4 சாக்கெட்டில் பின்கள் பிராசஸரின் அடியில் இருப்பதால், காய்ந்த பேஸ்ட் ஹீட்சிங்கோடு பிராசஸரையும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும். பின்கள் வளைவது பெரும்பாலும் இப்படித்தான். தடுக்க எளிய வழி உண்டு: பத்து நிமிடம் கேம் ஓட்டிச் சூடாக்கி, கணினியை அணைத்து மின்கம்பியைக் கழற்றி, ஸ்க்ரூக்களைக் குறுக்கும் நெடுக்குமாகச் சிறிது சிறிதாகத் தளர்த்தி, ஹீட்சிங்கை இடமும் வலமுமாக மெல்லத் திருகி, அது வழுக்குவதை உணர்ந்த பிறகே மேலே தூக்குங்கள். கிராபிக்ஸ் கார்டில் சராசரி வெப்பத்துக்கும் ஹாட்ஸ்பாட் எனும் மிகச் சூடான புள்ளிக்கும் இடைவெளி 25, 30 டிகிரிக்கு மேல் போனால் அங்கும் பேஸ்ட் வறண்டிருக்கிறது. மாற்றும்போது தெர்மல் பேடின் தடிமன் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். தடித்த பேடு வைத்தால் சிப்பின் மேல் ஹீட்சிங்க் சரியாகப் படியாது.

இவ்வளவும் செய்தபின் மிஞ்சும் குறைகளுக்குத்தான் பணம் செலவழிக்க வேண்டும். முதல் செலவு ராமும் எஸ்எஸ்டியும். ஒற்றை 8 ஜிபியோடு வேறொரு 8 ஜிபியைச் சேர்ப்பது ஓடலாம், ஓடாமலும் போகலாம். ஒரே பெட்டியில் வரும் 2×8 ஜிபி 3200 சிஎல்16 (தாமத அளவு) கிட் தலைவலி இல்லாதது. நான்கு ஸ்லாட் உள்ள போர்டில், பிராசஸரிலிருந்து எண்ணும்போது இரண்டாவதிலும் நான்காவதிலும் பொருத்தி எக்ஸ்எம்பியை இயக்குங்கள். ரைசனில் கோர் தொகுதிகளை இணைக்கும் உள்பாதை ராமின் வேகத்தோடு கட்டுண்டது, அதனால் ராம் வேகம் இதில் வெறும் அலங்காரம் அல்ல. 2600க்கு அதிகாரபூர்வ வரம்பு 2933. 3200இல் திரை வராவிட்டால், 1.35 வோல்ட்டை வைத்துக்கொண்டே 3000 அல்லது 2933க்கு இறக்குங்கள்.

எஸ்எஸ்டியில் சாட்டாவா, அதைவிட வேகமான என்விஎம்இயா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். கேம் திறக்கும் நேரத்தில் பெரிய தாவல் ஹார்ட் டிஸ்கிலிருந்து ஏதாவது ஒரு எஸ்எஸ்டிக்கு மாறும்போதே கிடைத்துவிடுகிறது. போர்டிலேயே நேராகச் செருகும் எம்.2 எஸ்எஸ்டியைப் பொருத்தும் முன் போர்டின் கையேட்டைப் பாருங்கள். சில போர்டுகளில் அந்த ஸ்லாட் நிரம்பினால் இரண்டு சாட்டா போர்ட்கள் செயலிழக்கும்.

பிராசஸர்தான் இந்த அமைப்பின் பெரும் பேறு. 2022இல் வந்த ரைசன் 5 5600 இதே சாக்கெட்டில், இதே 65 வாட் வகுப்பில் உட்கார்ந்துவிடும். 2600இல் ஆறு கோர்களும் மூன்று மூன்றாகப் பிரிந்து ஆளுக்கு 8 எம்பி எல்3 கேஷை (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) வைத்திருக்கின்றன. ஒரு பக்கத்துக் கோருக்கு மறுபக்கத்துத் தரவு வேண்டுமென்றால் நடுவில் சுற்றிவர வேண்டும். 5600இல் ஆறு கோர்களும் 32 எம்பியைப் பொதுவாகப் பகிர்கின்றன. சராசரி எஃப்பிஎஸ் ஏறுவதைவிட, அடிமட்ட ஃப்ரேம்கள் உயர்ந்து வெட்டு மறைவதே கண்ணுக்கு அதிகம் தெரியும். பெயர் ஒத்திருக்கிறதே என்று 5500ஐயோ 5600ஜியையோ எடுக்கவேண்டாம். இரண்டிலும் கேஷ் 16 எம்பிதான்.

மாற்றும் முன் பயாஸ். போர்டின் மாடலையும் ரிவிஷன் எண்ணையும் போர்டிலேயே அச்சிட்டிருப்பார்கள். அதற்குரிய பிராசஸர் பட்டியலில் 5600 எந்தப் பதிப்பிலிருந்து வருகிறது என்று பாருங்கள். இடைநிலைப் பதிப்பு ஒன்றை முதலில் ஏற்றச் சொல்லியிருந்தால் அதைத் தாண்டிக் குதிக்காதீர்கள். பயாஸுக்குள் இருக்கும் ஏஎம்டியின் அடிப்படைக் குறியீடான ஏஜீஇஎஸ்ஏ 1.2.0.7 அல்லது அதற்குப் பிந்தையது நல்லது. பிராசஸருக்குள் உள்ள பாதுகாப்பு அம்சமான எஃப்டிபிஎம்மால் இடையிடையே வரும் தடுமாற்றத்துக்கான திருத்தம் அதில்தான் வந்தது. எஃப்ஏடி32 ஆக ஃபார்மேட் செய்த பென்டிரைவில் கோப்பை வைத்து, அமைப்புகளை டிஃபால்ட்டுக்குத் திருப்பி, பயாஸுக்குள் உள்ள கருவி மூலமே ஏற்றுங்கள். இடையில் மின்சாரம் போகக்கூடாது. ஏற்றியபின் பழைய பிராசஸரோடு ஒருமுறை விண்டோஸ் வரை போய்ப் பார்த்துவிட்டுத்தான் புதியதைப் பொருத்த வேண்டும். சில போர்டுகளில் முந்தைய பதிப்புக்குத் திரும்பவே முடியாது. டிஸ்கைக் குறியாக்கிப் பூட்டும் பிட்லாக்கர் இயங்கினால் மீட்புச் சாவியை வேறொரு இடத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். புதுப் பிராசஸர் பொருத்தியதும் எஃப்டிபிஎம்மை ரீசெட் செய்யவா என்று கேட்கும், சாவி இல்லாமல் ஒய் அழுத்தினால் டிஸ்க் பூட்டிக்கொள்ளும்.

கிராபிக்ஸ் கார்டில் பலர் பார்க்காமல் விடுவது அதை போர்டோடு இணைக்கும் பிசிஐஇ பாதைகளின் எண்ணிக்கை. பி450இல் பிசிஐஇ 3.0 மட்டுமே. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டிக்கு நான்கு பாதைகள்தான். அதன் 4 ஜிபி விராம் நிரம்பியதும் 3.0 போர்டில் வெகுவாகத் தள்ளாடுகிறது. எட்டுப் பாதைகளும் 8 ஜிபியும் உள்ள ஆர்எக்ஸ் 6600 இந்த அமைப்புக்குக் கச்சிதம்: 132 வாட், ஒற்றை 8-பின். 16 பாதைகள் கொண்ட ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி 170 வாட் கேட்கும். இன்டெல் ஆர்க் கார்டுகளை ரீசைசபிள் பார் (விராம் முழுவதையும் பிராசஸர் ஒரே நேரத்தில் அணுக விடும் வசதி) இல்லாமல் எண்ணவே வேண்டாம். அதற்கு 5600 போன்ற பிராசஸரும், பயாஸில் அபவ் 4ஜி டிகோடிங்கும், சிஎஸ்எம் (பழைய பாணி பூட் முறை) அணைந்திருப்பதும் தேவை. 1060ஐ இன்னும் ஓட்டலாம்தான். ஆனால் அது சேர்ந்த பாஸ்கல் தலைமுறைக்குப் புதுக் கேம்களுக்கான டிரைவர் வருவது 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது. அதே ஆண்டு வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் போன்றவை ரே டிரேசிங் வன்பொருள் இல்லாத கார்டை ஏற்பதே இல்லை.

எந்தக் கார்டு எடுத்தாலும் பழைய எஸ்எம்பிஎஸ்ஸை அதற்கு முன்பே மாற்றுங்கள், அல்லது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். மோலெக்ஸ் என்ற பழைய நான்கு முனை இணைப்பிலிருந்து 8-பின்னுக்கு மாற்றும் கேபிளைப் போட்டு ஒப்பேற்றுவது ஆபத்து. 150 வாட்டுக்கான வேலையை மெல்லிய கம்பியும் தளர்ந்த முனையும் செய்ய வேண்டியிருக்கும், பிளாஸ்டிக் உருகும். 550 வாட் தரமான அலகு இந்த அமைப்புக்குப் போதும். மாடுலர் (கேபிள்களைக் கழற்றக்கூடியது) என்றால் பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிள்களைப் புதியதில் செருகாதீர்கள். முனை பொருந்தினாலும் உள்வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் எஸ்எஸ்டி எரிந்துவிடும்.

விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. 2600 விண்டோஸ் 11இன் பட்டியலில் இருக்கிறது, அதற்கு முந்தைய ரைசன் 5 1600 இல்லை. பயாஸில் எஃப்டிபிஎம்மையும் செக்யூர் பூட்டையும் இயக்கும் முன், டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பகுப்பு வடிவில் இருந்தால் தரவை நகலெடுத்துவிட்டு, விண்டோஸோடு வரும் கருவியால் ஜிபிடி என்ற புதிய வடிவுக்கு மாற்றுங்கள். அதைச் செய்யாமல் சிஎஸ்எம்மை அணைத்தால் கணினி பூட் ஆகாது.

மதர்போர்டே போய்விட்டால் கணக்கு மாறுகிறது. புதிய பி450 தேடி அலைவதைவிட அடுத்த தலைமுறைச் சாக்கெட்டான ஏஎம்5க்குப் போவதை யோசிக்கலாம்; டிடிஆர்4 ராம் அங்கே செல்லாது, ஆனால் எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ், கிராபிக்ஸ் கார்டு, கேபினெட் எல்லாம் கூடவே வரும். கூலரையும் தூக்கிப்போடாதீர்கள்: போர்டின் சொந்தப் பின்தகட்டிலேயே ஸ்க்ரூ ஆகும் ஏஎம்4 கூலர்கள் பெரும்பாலும் ஏஎம்5இலும் பொருந்தும், தனிப் பின்தகடு கேட்கும் கூலர்களுக்கு மட்டும் புதுப் பிராக்கெட் வாங்க வேண்டிவரும்.