பில் ஆடம் வார்ம்-அப், குன்னூர்க் குளிரில்: பல ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

கோத்தகிரியில் இருக்கும் நண்பர் ஒருவர் போன வாரம் போன் செய்தார். மகள் சபையின் பேண்டு குழுவில் சேர்ந்து ட்ரம்பெட் எடுத்திருக்கிறாளாம். "நீங்கள் தினமும் காலையில் வாசிக்கிறீர்களே, அந்த பில் ஆடம் வார்ம்-அப் தாள், அதில் ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தால் போதும் அல்லவா?" என்று கேட்டார். போதும் என்று சொல்ல வாய் வரவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை. இன்று என் ட்ரம்பெட்டில் வரும் நாதத்தில் பெரும்பங்கு அந்தத் தாளில் உள்ள, வாசிப்புக்கு முன் உதட்டையும் மூச்சையும் தயார்ப்படுத்தும் பயிற்சி வரிசை கொடுத்தது. அதே தாளைக் கையில் எடுத்தால் எனக்குக் கோபமும் வருகிறது. போனில் அவசரமாகச் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

பில் ஆடம் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் 1946 முதல் 1988 வரை ட்ரம்பெட் கற்பித்தவர். 2013இல் காலமானார். பெயர் பெற்ற ட்ரம்பெட் கலைஞர்களான ராண்டி பிரெக்கர், ஜெர்ரி ஹே, கிரிஸ் போட்டி எல்லாம் அவரிடம் பயின்றவர்கள்தாம். இப்போது கைமாறிக் கொண்டிருக்கும் வார்ம்-அப் தாள்கள் மாணவர்கள் எழுதி வைத்த குறிப்புகளிலிருந்து வந்தவை. ஒவ்வொரு மாணவருக்கும் தகுந்தபடி அவர் வரிசையை மாற்றிக் கொடுத்தார் என்பதால் ஒரு தாளுக்கும் இன்னொரு தாளுக்கும் வித்தியாசம் இருக்கும். என்னிடம் இருப்பதும் அப்படி யாரோ தொகுத்ததுதான். ஆகவே என் கோபம் ஆடம் மீது இல்லை, தொகுத்தவர் மீது.

நல்லதை முதலில் சொல்கிறேன். வரிசை லீட்பைப்பில் தொடங்குகிறது. சுரம் சேர்க்க இழுத்துச் சரிசெய்யும் ட்யூனிங் ஸ்லைடைக் கழற்றி வைத்துவிட்டு, உதட்டில் வைத்து ஊதும் மவுத்பீஸ் செருகும் அந்த ஒரு சாணுக்குச் சற்று அதிகமான குழாயை மட்டும் ஊதவேண்டும். அதில் சரியாக ஒலிக்கும் இடம் ஒன்றே ஒன்று. உதட்டை இறுக்கினால் சுரம் மேலே ஏறி மெலிந்து போகும். தளர்த்தினால் கீழே சரிந்து மங்கிப்போகும். நடுவில் ஓர் இடம் இருக்கிறது. அங்கே காற்று எதிலும் முட்டாமல் போகும், குழாய் முழுவதும் ரீங்காரம் எழும், கையில் பிடித்திருக்கும் பித்தளை அதிர்வது விரலுக்குத் தெரியும். உதட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் உதட்டை அதன் இடத்தில் உட்கார வைத்துவிடும் பயிற்சி இது. இத்தனை ஆண்டுகளில் வேறு எந்தப் பயிற்சியும் எனக்கு இவ்வளவு விரைவாக இதைச் செய்யவில்லை.

அடுத்தது லாங் டோன், அதாவது ஒவ்வொரு சுரத்தையும் நீளமாகப் பிடித்து வாசிப்பது. மேற்கத்திய இசைக் குறியீட்டில் இரண்டாம் கோட்டில் வரும் ஜி என்ற சுரத்தில் தொடங்கி, அரை அரைச் சுரமாக ஒருமுறை கீழே, ஒருமுறை மேலே என்று விரிந்துகொண்டே போகும். முதல் ஜியின் நாதத்தை ஒவ்வொரு சுரத்துக்கும் எடுத்துக்கொண்டு போகவேண்டும் என்பதுதான் நோக்கம். அதன் பிறகு ஹெர்பர்ட் கிளார்க்கின் விரல் பயிற்சிகள், ஷ்லாஸ்பெர்க் பயிற்சிகள், ஸ்கேல்கள். முழுவதும் வாசித்தால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. வேலைக்குப் போகிறவர்களுக்கு அது கஷ்டம்தான், ஆனாலும் அதைக் குறையென்று சொல்லமாட்டேன்.

மலையில் வாசிப்பவர்களுக்கு மட்டும் உள்ள ஒரு தொல்லையைச் சொல்லவேண்டும். டிசம்பர், ஜனவரி காலையில் ட்ரம்பெட் சுரம் இறங்கி நிற்கும். உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால்தான் இப்படி என்று இங்கே பலரும் சொல்வார்கள். அது சரியில்லை. காற்றழுத்தம் குறைவதால் சுரம் மாறாது, குளிரால்தான் மாறுகிறது. குளிர்ந்த காற்றில் ஒலியின் வேகம் குறைவு. குழாய்க்குள் இருக்கும் காற்று 10 டிகிரி குளிர்ந்தால் ஏறக்குறைய 30 சென்ட், அதாவது அரைச் சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சுரம் இறங்கும். மின்சாரக் கீபோர்டுக்கு இந்தக் குளிர் எல்லாம் ஒன்றும் செய்யாது. அதனால் டிசம்பர் கேரல் பவனியில் கீபோர்டும் ட்ரம்பெட்டும் முதல் பாட்டில் ஒட்டவே ஒட்டாது.

இந்த இடத்தில் லீட்பைப் பயிற்சி நமக்கு உதவுவதில்லை. ஒன்றரை மீட்டர் குழாயில் அந்த ஒரு துண்டு மட்டும் சூடாகிறது, மிச்சம் எல்லாம் அறைக் குளிரிலேயே கிடக்கிறது. ஸ்லைடைத் திரும்பச் செருகி லாங் டோன் தொடங்கினால் மூச்சின் ஈரம் உள்ளே குளிர்ந்து தண்ணீராகி, மூன்றாம் வால்வு ஸ்லைடில் களகளவென்று சத்தம் போடும். லீட்பைப்புக்கு முன்பே மூன்று வால்வையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல் வெறும் மூச்சைக் கருவி முழுக்கச் செலுத்திவிடுவது நல்லது. கருவியின் விரிந்த வாயான பெல்லின் வளைவில் கை வைத்தால் குளிர் விட்டிருப்பது தெரியும். இன்னொன்று: தினமும் ஸ்லைடைக் கழற்ற வேண்டியிருக்கிறது, குளிரில் கிரீஸ் இறுகிவிடுகிறது. ஒருமுறை அது அசையவே இல்லை என்று சமவெளியில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். துணிகூடச் சுற்றாமல் குறடு போட்டு இழுத்திருக்கிறார்கள். அந்தக் கீறலை இன்றும் பார்க்கிறேன். மெல்லிய கிரீஸ் போடுங்கள், அத்தோடு அந்தப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

தீராத பிரச்சினை வேறு. என் தாளில் ஓய்வு இல்லை.

முதல் வரி முடிந்ததும் இரண்டாம் வரி, அது முடிந்ததும் மூன்றாம் வரி என்று தாள் போய்க்கொண்டே இருக்கிறது. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் மவுத்பீஸை உதட்டிலிருந்து எடுங்கள் என்று ஒரு சொல் இல்லை. எவ்வளவு நேரம் வாசித்தீர்களோ அவ்வளவு நேரம் நிறுத்துங்கள் என்று இல்லை. மவுத்பீஸின் விளிம்பு உதட்டை அழுத்தும்போது அந்த இடத்தில் ரத்த ஓட்டம் குறைகிறது. எடுத்தால்தான் ரத்தம் திரும்ப ஓடும், தசை மீளும். தாளில் உள்ளதை உள்ளபடி நிற்காமல் வாசித்தால் வரிசை முடியும்போது உதடு தடித்துவிடும், மேல் சுரங்கள் அடைத்துக்கொள்ளும். ஞாயிறு காலை வார்ம்-அப்பிலேயே தெம்பெல்லாம் போய்விட்டால் ஆராதனைக்கு என்ன மிச்சம் இருக்கும்?

ஆடம் வகுப்பில் ஓய்வு இருந்தது. தனியாக எழுதவேண்டிய தேவை இல்லாத விதத்தில் இருந்தது. அவர் கையில் ட்ரம்பெட் வைத்துக்கொண்டு கற்பித்தவர். முதலில் அவர் வாசிப்பார், மாணவர் கேட்பார். பிறகு மாணவர் வாசிப்பார், அவர் கேட்பார். கேட்கும் நேரம்தான் ஓய்வு நேரம். அந்த நேரத்தில் உதடு ஆறியது, காது வேலை செய்தது. பின்னால் யாரோ அதை எழுதியபோது மாணவர் வாசித்ததை மட்டும் எழுதிக்கொண்டு, ஆசிரியர் வாசித்ததை விட்டுவிட்டார்கள். பாதி வகுப்பு போய்விட்டது. இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இது எனக்கு உறைத்ததற்குக் காரணம், ஆடம் பெயரைக் கேள்விப்படுவதற்கு முன்பே இப்படி ஒரு வகுப்பில் நான் உட்கார்ந்திருக்கிறேன். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ராணுவ பேண்டில் வாசித்து ஓய்வுபெற்றவர். மத்தியப் பிரதேசத்தின் பச்மரியில் ராணுவ இசைப் பயிற்சி எடுத்தவர். குன்னூரை ஒட்டிய வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டருக்குக் கீழே இறங்கும் சாலையில் வீடு. எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். முன்னறையில் எதிரெதிராக இரண்டு மர நாற்காலிகள். அவர் ஒரு ஜி வாசிப்பார். முடித்ததும் கருவியை மடியில் படுக்க வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். இப்போது என் முறை. நான் வாசித்து முடிக்கும்வரை திரும்பமாட்டார். என் சுரம் மெலிந்திருந்தால், சரி தப்பு என்று எதுவும் சொல்லாமல், அதே ஜியை முன்னைவிட அகலமாக, இன்னும் நிதானமாக வாசிப்பார். என் சுரம் முரட்டுத்தனமாக இருந்தால் அடுத்த முறை அவர் வாசிப்பது அவ்வளவு மென்மையாக இருக்கும். அவருடைய ஒவ்வொரு ஜியும் என் ஜிக்குச் சொன்ன பதில். நான் அவசரப்பட்டு அவர் முடிக்குமுன் மவுத்பீஸை வாயில் வைத்தால் மட்டும் வாய் திறப்பார்: "தம்பி, உதட்டை இறக்கு. இப்போது உனக்குக் காதுதான் வேலை."

வேறு ஆசிரியர்களின் வரிசைகளுக்கும் இதே கதிதான். ஜேம்ஸ் ஸ்டாம்பின் பயிற்சிகள் பெயர் பெற்றவை: மவுத்பீஸை மட்டும் வைத்து ஊதுவது, சுரத்தை உதட்டால் வளைப்பது, கருவியின் இயல்பான எல்லைக்கும் கீழே இறங்கும் பெடல் டோன்கள். மேலே ஏறும்போது மனதில் கீழே நினை, கீழே இறங்கும்போது மேலே நினை என்பது அவர் பாடம். அந்த மவுத்பீஸ் பயிற்சிக்குப் பியானோ துணை வேண்டும். பியானோ இல்லாமல் தேயிலை எஸ்டேட் லைன் வீட்டில் காலை ஆறு மணிக்கு அதை ஊதினால் சுரம் எங்கே நிற்கிறது என்று ஊதுபவருக்கே தெரியாது, பக்கத்து வீட்டுக்காரர்களுக்கோ தூக்கம் போகும். கார்மைன் கரூசோ சாக்ஸபோன் கலைஞர், ஆனாலும் நியூயார்க்கில் பித்தளைக் கருவிக்காரர்கள் அவரைத் தேடிப் போனார்கள். காலால் தாளம் தட்டு, பயிற்சி முடியும்வரை மவுத்பீஸை உதட்டிலிருந்து எடுக்காதே, மூக்கால் மூச்சு வாங்கு, காற்றைச் சீராக விடு என்று நான்கே விதிகள். அந்த இரண்டாவது விதியை, எங்கே நிறுத்துவது என்று பக்கத்தில் இருந்து சொல்ல ஆள் இல்லாமல் ஒரு சிறுமியிடம் கொடுக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

மாஸ்டர் தன் மகள் வீட்டோடு திருப்பூருக்குப் போன பிறகு நான் தனியாகத்தான் வாசிக்கிறேன். அவர் இருந்தபோது ஒரு வகுப்பில் போனில் பதிவு செய்த லாங் டோன்கள் என்னிடம் இருக்கின்றன. அதை ஓடவிட்டு, அது ஒன்று, நான் ஒன்று என்று வாசிப்பேன். ஓய்வு கிடைக்கிறது, உதடு தெம்பாக இருக்கிறது, அந்த அளவில் பெரிய லாபம். ஆனால் நான் எப்படி வாசித்தாலும் பதிவு ஒரே மாதிரிதான் பேசும். என் சுரம் மெலிந்த நாளிலும் அது அகலமாகாது. அதனால் இப்போது ஒரு சுரம் முடிந்ததும் மவுத்பீஸை எடுத்துவிட்டு, வாசித்த அதே மாத்திரை அளவுக்கு அந்தச் சுரத்தை வாய்விட்டுப் பாடுகிறேன். மாஸ்டர் எப்படி வாசித்திருப்பார் என்று நினைத்துப் பாடுகிறேன். தனியாக இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. இப்படி வாசித்தால் வரிசை ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டிவிடும். நேரம் இல்லாத நாளில் லீட்பைப்பும் லாங் டோனும் மட்டும் வாசித்துவிட்டுக் கருவியைப் பெட்டியில் வைத்துவிடுங்கள். ஓய்வை வெட்டி மிச்சத்தை முடிக்கப் பார்க்காதீர்கள்.

இனி நண்பரின் கேள்வி. இவ்வளவு புகழ்ந்த வரிசையை உங்கள் மகளுக்குக் கொடுக்கமாட்டேன். பிரதி எடுக்கவேண்டாம், இணையத்தில் தேடவும் வேண்டாம். பதினொரு வயதுக் குழந்தை தாளில் அச்சாகியிருப்பதை எல்லாம் வாசித்து முடிக்கத்தான் பார்ப்பாள். முடிப்பதுதான் கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பாள். தாளில் இல்லாத பாதி அவளுக்கு எப்படித் தெரியும்? அவளுக்கு எதிரே இன்னொரு நாற்காலியில் ட்ரம்பெட்டோடு ஓர் ஆள் உட்காரவேண்டும். கோத்தகிரியில் அப்படி யாராவது இருந்தால், அவருக்கு ஆடம் யார் என்றே தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அவரிடம் அனுப்புங்கள். வெலிங்டனில் ஓய்வுபெற்ற பேண்டுக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள், விசாரித்துச் சொல்கிறேன். அதுவரை சனிக்கிழமை காலையில் பஸ் ஏற்றிவிடுங்கள், என் வீட்டுக்கு வரட்டும். மவுத்பீஸைப் பெட்டியில் வைக்காமல் ஸ்வெட்டர் பைக்குள் வைத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள், வந்ததும் தொடங்கிவிடலாம்.