மடிக்கணினிப் பழுது: வீட்டு மேசையா, ஊர்க் கடையா, மதுரை சர்வீஸ் சென்டரா?

இராமேசுவரம் தீவிலோ மண்டபத்திலோ கீழக்கரையிலோ தொண்டியிலோ ஒரு மடிக்கணினி திடீரென்று நின்றுபோனால், அதை வைத்திருப்பவருக்கு மூன்று வழிகள் உண்டு. தாமே பார்க்கலாம், உள்ளூரிலோ ராமநாதபுரம் நகரிலோ உள்ள சர்வீஸ் கடையில் கொடுக்கலாம், தயாரித்த நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோகலாம். மூன்றாவது வழி என்பது இந்தக் கரையோரத்தில் பெரும்பாலும் மதுரைப் பயணம்தான். ராமநாதபுரத்திலிருந்து ஏறத்தாழ 115 கிலோமீட்டர், இராமேசுவரத்திலிருந்து ஏறத்தாழ 170 கிலோமீட்டர். கொடுப்பதற்கு ஒரு நடை, வாங்குவதற்கு இன்னொரு நடை. எதுவானாலும் கம்பெனி சென்டருக்கே போங்கள் என்று பெருநகரத்தில் இருப்பவர்கள் சொல்லும் அறிவுரை இங்கே அப்படியே எடுபடாததற்குத் தூரம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் கடல் காற்றில் வரும் உப்பு.

என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மென்பொருள் கோளாறும் சார்ஜர் கோளாறும் வீட்டோடு முடிய வேண்டியவை. வாரண்டி உள்ள கணினியில் திரை, விசைப்பலகை, மதர்போர்டு (எல்லாப் பாகங்களையும் இணைக்கும் முதன்மைச் சுற்றுப்பலகை) போன்றவை தாமாகப் பழுதானால், எவ்வளவு அலைச்சலானாலும் அது கம்பெனிக்கே போக வேண்டும். ஈரமும் உப்பும் சம்பந்தப்பட்ட பழுதோ, சில விலக்குகள் தவிர, பக்கத்துக் கடைக்கு உடனே போக வேண்டியது. கடைசிக் கூற்றைப் பலர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பதால் அதைப் பற்றியே அதிகம் எழுத வேண்டியிருக்கிறது.

வீட்டிலேயே தெரிந்துகொள்ளக்கூடியவை

பொத்தானை அழுத்தினால் உயிரே இல்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கணினியை அன்று, மின்சாரம் வரும் வழியை. சார்ஜரைக் கழற்றிவிட்டு, பவர் பொத்தானை முப்பது விநாடி அழுத்திப் பிடித்து விட்டு, மீண்டும் சார்ஜரை மட்டும் செருகிப் பார்ப்பது பல நேரங்களில் போதுமானதாக இருக்கும். உள்ளே தேங்கி நிற்கும் மின்னேற்றம் வடிந்து சுற்றுகள் புதிதாகத் தொடங்குவதற்கு இது வழி செய்கிறது. அடுத்து, அதே வோல்டும், அதற்குக் குறையாத வாட்டும், அதே பின்னும் கொண்ட வேறொரு சார்ஜரைக் கடன் வாங்கிச் செருகிப் பார்க்கலாம். டைப்-சி துளை உள்ள கணினிகளில் கைபேசி சார்ஜரைச் செருகிவிட்டு ஏறவில்லையே என்று கவலைப்படுகிறவர்கள் உண்டு. 65 வாட் கேட்கும் கணினிக்கு 18 வாட் சார்ஜர் எந்த மூலைக்கு? கீழக்கரை, தொண்டிப் பக்கம் துபாயிலிருந்து வந்த கணினிகள் நிறைய. அவற்றின் பட்டை முள் பிளக்கை நம் ஊர் சுவர்ப் பெட்டியில் பொருத்த ஒரு கன்வெர்ட்டர் போடுவார்கள். அது தளர்ந்து, உள்ளே பொறி பறந்து, சார்ஜர் அவ்வப்போது அணைவதைக் கணினியின் பழுது என்று எண்ணிக் கடைக்குக் கொண்டுபோவது வீண் செலவு.

விளக்கு எரிகிறது, விசிறி ஓடுகிறது, திரை மட்டும் இருட்டு என்றால் இரண்டு சோதனைகள் உண்டு. வீட்டு டிவியை எச்.டி.எம்.ஐ. கேபிளால் இணைத்துப் பார்க்க வேண்டும். டிவியில் படம் வந்தால் பழுது திரையிலோ அதற்குச் செல்லும் கேபிளிலோ இருக்கிறது. மதர்போர்டைக் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. பிறகு இருட்டறையில் டார்ச் விளக்கைத் திரைமீது சாய்வாக அடித்துப் பார்த்தால், மங்கலாக எழுத்துகள் தெரியுமானால், படம் வருகிறது, பின்னொளி மட்டும் போய்விட்டது என்று பொருள். இந்த இரண்டையும் செய்துவிட்டுக் கடைக்குப் போகிறவரிடம் “போர்டு போச்சுண்ணே, புதுசா வாங்கிருங்க” என்று எளிதில் சொல்லிவிட முடியாது. வீட்டுச் சோதனையால் பழுது சரியாகாவிட்டாலும், எந்தக் கடைக்கு எதைச் சொல்லிப் போவது என்பது தெரிந்துவிடுகிறது. அதற்காகவே அதைச் செய்யலாம்.

மெதுவாக ஓடுவது தனிக் கதை. தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த பழைய கணினிகள் இன்னும் பல வீடுகளில் ஓடுகின்றன. அவற்றின் சுழலும் ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு சுழலும் பாகமே இல்லாத சேமிப்பகமான எஸ்.எஸ்.டி. ஒன்றைப் போட்டாலே வேகம் கண்ணுக்குத் தெரியும்படி மாறும். இது ஊர்க் கடையில் ஒரு மணி நேர வேலை, மதுரைக்குப் போக வேண்டியதே இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன என்பதையும், அந்தப் பழைய கணினிகளை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது என்பதையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும். படிப்புக்கும் இணையத்துக்கும் மட்டும் என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொள்வது நல்ல முடிவு.

உப்பு புகுந்த கணினி

பாம்பன் கடலில் 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்தில் 2022 இறுதியில் போக்குவரத்தை நிறுத்தியதற்கு அரிப்பு முக்கியக் காரணம்; 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் தனி வகைப் பூச்சும் தேவைப்பட்டன. அதே காற்றைத்தான் மடிக்கணினியின் விசிறி மணிக்கணக்கில் உள்ளே இழுக்கிறது. உலர்ந்த உப்புத்தூளால் உடனே கெடுதல் இல்லை. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டும்போது சாதாரண உப்பு காற்றிலுள்ள நீரை இழுத்துக் கரைசலாகிவிடும்; அந்தக் கரைசல் மின்சாரத்தைக் கடத்தும், செம்பை அரிக்கும். கரையோரத்து இரவுகளில் அந்த அளவு ஈரம் வெகு சாதாரணம், வாடைக் காற்று மாதங்களில் பகலிலும் கூட. காலையில் ஆன் ஆகாமல் முரண்டு பிடித்து, வெயில் ஏறியபின் ஒன்றும் நடவாததுபோல் ஓடும் கணினியில் உப்பைத்தான் முதலில் ஐயப்பட வேண்டும்.

பின்மூடியைக் கழற்றினால் அடையாளங்கள் தெரியும். திருகுகளின் தலையில் செம்பழுப்புத் துரு இருக்கும். சார்ஜர் துளைக்கும் யு.எஸ்.பி. துளைக்கும் பக்கத்தில் வெள்ளைப் பொடி படிந்திருக்கும்; சற்று உற்றுப் பார்த்தால் சிறிய பின்களின் அடியில் பச்சை பூத்திருக்கும். ரேம் (தற்காலிக நினைவகம்) பட்டையின் பொன்னிறப் பற்கள் மங்கிப்போயிருக்கும். ரேமைக் கழற்றிப் பற்களைப் பென்சில் அழிப்பானால் மெல்லத் தேய்த்துத் துடைத்துத் திரும்பச் செருகுவது கடைக்காரர்களின் பழைய வழக்கம். இறந்துவிட்டதாக நினைத்த கணினிகள் பல அதிலேயே எழுந்திருக்கின்றன. கை நடுங்காதவர் இதை வீட்டிலும் செய்யலாம், பேட்டரி இணைப்பை முதலில் கழற்றிவிட்டால். அதற்கு மேல் பச்சை பூத்த போர்டைச் சுத்தம் செய்வது ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் மெல்லிய தூரிகையும் பழகிய கையும் கேட்கும் வேலை.

இந்த இடத்தில்தான் ஊர்க் கடை கம்பெனியை முந்துகிறது. அங்கீகாரம் பெற்ற சென்டரின் நடைமுறை பெரும்பாலும் பாகத்தை மாற்றுவது; அரித்துப்போன சிறு மின்தேக்கி ஒன்றை மட்டும் மாற்றித் தருவதற்குப் பதிலாக மதர்போர்டு முழுவதையும் மாற்ற விலை சொல்வார்கள். நீரோ அரிப்போ கண்ணில் பட்டால் வழக்கமான வாரண்டியும் பொருந்தாது. அதைக் கண்டுபிடிக்கவே சில கணினிகளின் உள்ளே நீர் பட்டால் நிறம் மாறும் ஒட்டுவில்லைகள் வைத்திருக்கிறார்கள். ஆகவே உப்பு விஷயத்தில் மதுரை வரை போய் நிற்பவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் புதுக் கணினி விலையில் பெரும்பங்கு கேட்கும் ஒரு மதிப்பீட்டுச் சீட்டு. ‘சிப் லெவல் சர்வீஸ்’ என்று பலகை வைத்து, உண்மையாகவே அந்த வேலை தெரிந்த கடைக்காரர், ஷார்ட் ஆன பாகத்தை மீட்டரால் தேடி அதை மட்டும் மாற்றுகிறார். பலகை வைத்த எல்லோருக்கும் அந்த வேலை தெரியும் என்று சொல்ல மாட்டேன். மைக்ரோஸ்கோப்பும், சூடான காற்றால் சிறு பாகங்களைக் கழற்றும் ஹாட் ஏர் இயந்திரமும் மேசைமேல் இருக்கின்றனவா, அல்லது வாங்கி வைத்துக்கொண்டு வெளியூருக்கு அனுப்புகிறாரா என்பதைக் கேட்டுவிட வேண்டும்.

கடல் நீரே நேரடியாகப் பட்டுவிட்டால் நேரம்தான் எல்லாம். ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. நீர் உலர்ந்தாலும் உப்பு போகாது. அரிசி டப்பாவுக்குள் கணினியை இரண்டு நாள் புதைத்து வைப்பதால் பயன் ஏதும் இல்லை. அந்த இரண்டு நாளும் உள்ளே அரிப்பு நடந்துகொண்டே இருக்கும். அணைத்த கணினியிலும் பேட்டரி போர்டுக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டிருக்கும் என்பதால், உடனே அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, முடிந்தால் பின்மூடியைத் திறந்து பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, அன்றே கடைக்குக் கொண்டுபோக வேண்டும். ஓடுகிறதா என்று பார்க்க ஒருமுறை ஆன் செய்வதுதான் பல போர்டுகளைக் கொல்கிறது. விலக்கு ஒன்று உண்டு: வாங்கும்போதே விபத்துச் சேதப் பாதுகாப்புத் திட்டத்துக்குத் தனியாகப் பணம் கட்டியிருந்தால், வெளியார் கை படாமல் கம்பெனிக்கே அழைக்க வேண்டும், நீர் பட்ட சேதமும் அந்தத் திட்டங்களில் பொதுவாக அடங்கும்.

மதுரைக்குப் போயே ஆக வேண்டியவை

வாரண்டிக் காலத்தில் திரையில் கோடு விழுவது, விசைப்பலகை வேலை செய்யாமல் போவது, காரணமின்றி மதர்போர்டு நிற்பது ஆகியவற்றில் ஊர்க் கடைக்கு இடமில்லை. இலவசமாகக் கிடைக்க வேண்டியதற்குப் பணம் கொடுப்பதோடு, திறந்த தடயத்தைக் காட்டிப் பின்னால் மறுப்பதற்கும் வாய்ப்புக் கொடுத்துவிடுவோம். பேருந்து ஏறுவதற்கு முன் கணினியின் அடியிலுள்ள சீரியல் எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். வீட்டுக்கே ஆள் வரும் ஆன்சைட் வாரண்டி சிலவற்றுக்கு இருக்கும். நம் பின்கோடு அதில் அடங்குமா என்று தொலைபேசியில் கேட்டுவிட்டால் ஒரு பயணம் மிச்சமாகலாம். வளைகுடாவில் வாங்கியதற்கு இந்தச் சோதனை இன்னும் அவசியம், ஏனெனில் சில மாடல்களின் வாரண்டி வாங்கிய நாட்டோடு நின்றுவிடும்.

வாரண்டி முடிந்தபின் இதே பழுதுகளுக்குக் கணக்கு மாறுகிறது. திரை மாற்றுவது ஊர்க் கடையிலேயே முடியும். பாகம் சென்னை ரிச்சி தெருவிலிருந்து வந்து சேர ஓரிரு நாள் ஆகலாம், அவ்வளவுதான். பேட்டரியில் மட்டும் நான் மலிவை நாடச் சொல்ல மாட்டேன். பேட்டரி உப்பி, தடவுபலகை (டச்பேட்) மேலே தூக்கிக்கொண்டு வந்தால், அதைக் குத்தவோ அமுக்கவோ சார்ஜ் போடவோ கூடாது. தரம் தெரியாத பேட்டரியை அந்த இடத்தில் வைப்பதைவிடக் கம்பெனி பேட்டரிக்குக் கூடுதலாகக் கொடுத்துவிடலாம்.

எந்தக் கடையானாலும் உள்ளே இருக்கும் கோப்புகளுக்கு நாம்தான் பொறுப்பு. சென்டர்களில் கையெழுத்து வாங்கும் தாளிலேயே தரவு போனால் தாங்கள் பொறுப்பில்லை என்று அச்சிட்டிருப்பார்கள். ஊர்க் கடையில் “ஃபார்மட் போட்டாத்தாண்ணே சரியாகும்” என்பார்கள். கணினி ஆன் ஆகும்போதே நகல் எடுத்துவிட வேண்டும். விண்டோஸில் டிஸ்கில் உள்ளதை மறையாக்கி வைக்கும் பிட்லாக்கர் பூட்டு இயங்கினால், மதர்போர்டு மாற்றியபின் அது 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண் இருக்கிறதா என்று முன்பே பார்த்துக் குறித்துக்கொள்ளாதவருக்குப் பழுது நீங்கினாலும் கோப்புகள் கிடைக்காமல் போகலாம். ஊர்க் கடையில் கொடுக்கும்போது சீரியல் எண், ரேம் அளவு, எஸ்.எஸ்.டி. அளவு, சொன்ன பழுது, சொன்ன தொகை ஆகியவற்றை எழுதிய ஜாப் ஷீட் ஒன்று வாங்கிக்கொள்வதும், மாற்றிய பழைய பாகத்தைத் திரும்பக் கேட்பதும் கடைக்காரரை அவமதிப்பதாகாது. தகராறு முற்றினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் சென்டருக்கும் கடைக்கும் ஒன்றுபோலவே பொருந்தும், ஆனால் கையில் சீட்டு வேண்டும்.

ஹார்ட் டிஸ்க் டக் டக்கென்று சத்தம் போட்டால் மூன்று வழிகளுமே வேண்டாம். உடனே அணைத்துவிட வேண்டும். உள்ளே இருப்பது விலைமதிப்பற்றது என்றால் தரவு மீட்பை மட்டுமே தொழிலாகச் செய்யும் இடத்தைச் சென்னை போன்ற நகரத்தில் தேட வேண்டும், இல்லையென்றால் புது டிஸ்க் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். ஐந்து வயது கடந்த கணினிக்குப் போர்டு வேலைக்கான விலை, அதே தரத்துப் பழைய கணினி ஒன்றின் விலையில் பாதியைத் தொட்டால் நான் பழுது பார்க்கச் சொல்ல மாட்டேன், குறிப்பாக அரித்த போர்டை. ஓரிடத்தில் சுத்தம் செய்தாலும் இன்னோரிடத்தில் பூக்கும். அப்படிக் கைவிடும் கணினியிலிருந்து எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி, அதன் அளவுக்கேற்ற யு.எஸ்.பி. உறைக்குள் போட்டால் கோப்புகளைப் புதுக் கணினிக்கு மாற்றிக்கொள்ளலாம். ரேமும் சார்ஜரும் நல்ல நிலையில் இருந்தால் அதே கடைக்காரர் விலை போட்டு எடுத்துக்கொள்வார்.