சுவாமிமலைப் பட்டறையில் பேத்திக்காக வாங்கிய தவழும் கிருஷ்ணன்

பேரப்பிள்ளையோடு சேர்ந்து பூஜை செய்ய ஒரு விக்கிரகம் வாங்க நினைக்கிறவர்கள், கடைத்தெருவில் பளபளவென்று அடுக்கி வைத்திருப்பதில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். சுவாமிமலைக்குப் போய் வார்க்கிற இடத்திலேயே சொல்லி வாங்குங்கள், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். கும்பகோணத்திலிருந்து டவுன் பஸ்ஸே இருக்கிறது.

நாங்கள் வாங்கியது வீட்டின் கொல்லைப்புறத்திலேயே உலை வைத்திருக்கும் ஒரு சின்னப் பட்டறையில். நாலு அங்குலத் தவழும் கிருஷ்ணன், கையில் வெண்ணெய் உருண்டை. சித்திரையில் சொல்லி வைத்தோம், வைகாசியில் கைக்கு வந்தது. உள்ளே கூடு விடாத கன வார்ப்பு என்பதால் அளவுக்கு மீறிய கனம். பேத்தி இரண்டு கையாலும்தான் தூக்குகிறாள்.

சொல்லி வைக்கப் போன அன்று ஸ்தபதி பிள்ளையை விரட்டவில்லை, அதற்கே தனியாக ஒரு நட்சத்திரம் கொடுக்கலாம். தேன்மெழுகும் குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில் ஒரு உருண்டையை அவள் கையில் கொடுத்துவிட்டு, தென்னை ஓலைக் கீற்றை மடித்து மடித்து எப்படி அளவெடுப்பது என்று காட்டினார் (வீட்டுக்கு வந்ததும் என் மூக்கை ஓலையால் அளந்தாள்). மெழுகு உருவத்தின் மேல் காவிரி வண்டலை மெல்லிசாகப் பூசி, அது காய்ந்ததும் மேலே மேலே மண் அப்பிக் கம்பி கட்டி, வரட்டித் தீயில் சுட்டால் மெழுகு உருகி ஓடிவிடும், அந்த இடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள், ஆறினதும் மண்ணை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும், ஆகவே அதே அச்சில் இன்னொன்று வராது. இதையெல்லாம் அவர் சொல்லி முடித்ததும் பேத்தி, “அப்போ என் கிருஷ்ணன் ஒண்ணே ஒண்ணுதானா?” என்றாள். “ஒண்ணே ஒண்ணுதான் பாப்பா, உன்னை மாதிரி.” அவள் பிடித்த மெழுகு மாட்டைச் சிரிக்காமல் வாங்கி, செய்து வைத்திருந்த மெழுகு அம்பாள் பக்கத்திலேயே வைத்தார் அந்த மனிதர்.

குறையும் உண்டு. விலை எடைக்கு என்றுதான் முதலில் சொன்னார்கள், கூலி தனி என்பது வாங்கப் போனபோதுதான் தெரிந்தது. ரசீதைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. முழங்காலுக்கு அடியில் அரம் சரியாகப் போடாமல் கொஞ்சம் சொரசொரப்பு. பஞ்சலோகம் என்றதும் தங்கத்தைப் பற்றிக் கனவு காணாதீர்கள், செம்பும் பித்தளையும்தான் பெரும்பங்கு, தங்கமும் வெள்ளியும் சாஸ்திரத்துக்குத் துளி.

அப்புறம் வீட்டுக் கதை. நான் மட்டும் இருந்தால் பூஜை பத்து நிமிடம், வாய் ஸ்லோகம் சொல்லும், மனசு மோட்டார் ஓடுகிறதா என்று வயலில் நிற்கும். இந்த லீவில் அது நடக்கவில்லை. தண்ணீர் சில்லென்று இருக்கிறதாம், கிருஷ்ணனுக்குச் சளி பிடிக்குமாம், வெந்நீர் வேண்டுமாம். துவட்டுவதற்குத் தனித் துண்டு. தயிர் சாதத்தை ஊட்டிவிட்டு, “மெதுவா சாப்பிடு, தாத்தா காத்திருப்பாங்க” என்று அதனிடம் சொல்கிறாள். சரி, காத்திருந்தேன். அந்தக் காத்திருப்பில் பக்கத்தில் யாரோ இருப்பது போலத் தோன்றியது, எத்தனையோ வருஷமாக மணியடித்தும் எனக்கு இப்படித் தோன்றியதில்லை. அப்பனுக்குப் பிள்ளை பாடம் சொன்ன ஊரில் வாங்கிய சாமி வேறு எப்படி இருக்கும்!

போகிறவர்கள் கோயிலையும் அவசரமாக முடிக்காதீர்கள். மேலே ஏறும் 60 படிகளுக்கும் 60 தமிழ் வருஷங்களின் பெயர், பிள்ளைகளுக்கு நல்ல விளையாட்டு. நான் பிறந்தது ஏவிளம்பி, அவள் அறுபதும் ஒரு சுற்று முடிந்து வந்த விகாரி. எனக்கும் அவளுக்கும் 62 வயசு வித்தியாசம், அவளோ “நடுவுல ஒரே ஒரு படிதான் தாத்தா” என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். பின்னால் வந்தவர்கள் முணுமுணுத்தார்கள், முணுமுணுக்கட்டும்.

கிருத்திகையன்று போகாதீர்கள், கூட்டத்தில் படியே கண்ணுக்குத் தெரியாது. பட்டறைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். உலோகம் ஊற்றுகிற நாள் என்றால் பிள்ளையின் கையை விடாமல் எட்ட நின்று பாருங்கள். கூலியையும் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ரசீது விஷயத்துக்காக மட்டும் ஒன்றைக் குறைத்து, ஐந்துக்கு நாலு.